அவருக்குப் பாட்டெல்லாம் தெரிந்திருந்தது

எனக்குக் கல்யாணமான வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றாமல் பெய்தது. உலகச் சண்டை வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு அது. அதற்கு முந்தைய மழைக்காலங்களில் மேகம் நாகமலை மேல் வந்து உட்கார்ந்துவிட்டு, ஒரு சொட்டும் போடாமல் எழுந்து போய்விட்டது. நான் பிறந்த ஊர் மதுரைக்கு மேற்கே, கண்மாய் நிறைந்தால்தான் அடுப்பு எரியும் என்கிற ஊர். மழை வந்தால் அப்பா வாசலில் இறங்கி நின்று நனைவார். துண்டைக்கூடத் தலையில் போட மாட்டார்.

மதுரைக்குள் வந்த பிறகு மழையே வேறாகிவிட்டது. மேலமாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் ஓட்டு வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்திருந்தோம். அங்கே மழை என்றால் சாக்கடை நிறைவது, துணி காயாமல் நாறுவது, விறகு புகைந்து கண் எரிவது, அவ்வளவுதான். எந்தப் பக்கம் கருத்திருக்கிறது என்று பார்க்க வானமே தெரியாது. நான் சாமான் தேய்க்கும் சாக்கில் முற்றத்தில் உட்கார்ந்து முதுகு நனைய விட்டுக்கொள்வேன்.

என் வீட்டுக்காரர் பஞ்சாலை ஆபீசில் கிளார்க். பேச்சு குறைவு. கேட்டதற்குப் பதில் சொல்வார். கேட்காததைச் சொல்ல மாட்டார். அது நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன். அவருடைய பெரியப்பா வீடு விளாங்குடியில். கிணறும் தோட்டமுமாக வசதியான குடும்பம். அவர்தான் இவரை வளர்த்துப் படிக்க வைத்தார். எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தபோது, "தாய் தகப்பன் இல்லாத பய. எங்களுக்கும் பிள்ளை இல்ல. எங்களுக்கு அவன், அவனுக்கு நாங்க" என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற என் அம்மாவுக்கு உள்ளூரச் சந்தோஷம். மாமியார் இல்லாத வீட்டுக்கு மகள் போகிறாளே என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் முழுக்க மழை. காலையில் கொஞ்சம் வெறித்து, தூறலாக இருந்தது. காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் திடீரென்று கேட்டார்.

"மாடக்குளம் கம்மா நெறஞ்சு மறுகால் பாயுதாம். போய்ப் பாத்துட்டு வருவமா?"

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் என்னை வெளியே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கோயிலுக்குக்கூட வாடகை வீட்டுக்காரம்மாவோடு போய் வந்துகொண்டிருந்தேன்.

"சமையலு?" என்றேன்.

"வந்து பாத்துக்கலாம். மழை நிக்குறதுக்குள்ள வா."

மழை நிற்பதற்குள் வா என்று சொல்கிற மனுஷன் எனக்கு வாய்த்திருக்கிறார் என்று அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்ட பெருமிதம் கொஞ்சநஞ்சமல்ல.

ஜட்காவில் போனோம். ரயில் பாதையைத் தாண்டி ஊர் முடிந்ததும் காற்று மாறிவிட்டது. ஈர மண், புளிய இலை, குதிரையின் நனைந்த முதுகு எல்லாம் கலந்த வாசனை. பாதையின் இருபுறமும் வயல்களில் தண்ணீர் நின்றது. வரப்பு மறைந்து ஒரே வெள்ளக்காடு, நடுநடுவே கொக்குகள். பசுமலைக் குன்றின் தலையை மேகம் மூடியிருந்தது. தூறல் ஜட்காவின் பக்கத் திறப்பு வழியாக முகத்தில் அடித்தது. படுதாவை இறக்கவா என்று வண்டிக்காரர் கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம்.

கண்மாய்க் கரையில் திருவிழாக் கூட்டம். மறுகால் கல்லுக்கு மேல் செந்நிறமாகத் தண்ணீர் வழிந்து, கீழே விழுந்து, நுரைத்து ஓடியது. ஆண்கள் வேட்டியை விரித்துப் பிடித்து மீன் அரித்துக்கொண்டிருந்தார்கள். கிழவர் ஒருவர் எதுவும் செய்யாமல் இடுப்பளவு தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். நான் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு ஓரத்தில் கால் வைத்தேன். தண்ணீர் கணுக்காலை இழுத்தது. "விழுந்துராத புள்ள!" என்று என் கையைப் பிடித்தவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. இந்த ஒரு காலைக்காகவே இவருக்குக் கழுத்தை நீட்டியிருக்கலாம் என்று நினைத்தேன்.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. எதிரே இருந்த மலை மறைந்தது. பிறகு மரங்கள் மறைந்தன. வண்டிக்காரர் ஓடிவந்து, "சாமி, ஓடையில தண்ணி ஏறுனா குதிரை எறங்காது. இப்பவே கெளம்புனாத்தான் ஆச்சு" என்றார்.

"நீங்க போங்கண்ணே. நாங்க பெறகு வாரோம்" என்றார் இவர்.

"ஏங்க, எப்பிடிப் போறது நம்ம?"

"அங்கிட்டு ஒதுங்குவோம், வா."

எங்கிருந்தோ மணி அடித்தது. அவர் கரையை விட்டு இறங்கி, ஒரு களத்துமேட்டைச் சுற்றி, தென்னந்தோப்புக்குள் புகுந்து போகும் ஒற்றையடிப் பாதையில் நடந்தார். மழையில் பாதையே தெரியவில்லை. ஆனால் அவர் எந்த இடத்திலும் நின்று யோசிக்கவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் உறைத்தது. அப்போது நான் முந்தானையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

தோப்பு முடிந்த இடத்தில் சுண்ணாம்பு அடித்த ஒரு கட்டடம். ஓட்டுக் கூரை, முகப்பில் சின்னக் கோபுரம், அதன் உச்சியில் சிலுவை.

நான் நின்றுவிட்டேன். "இது வேதக்காரக கோயிலுல்ல?"

"மழைக்குத்தான. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக."

வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. உள்ளே பாய் விரித்து, ஒரு பக்கம் ஆண்களும் மறுபக்கம் பெண்களுமாக உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைக்காரர்களின் சாமி என்பதால் நாற்காலியும் மேஜையும், புரியாத பாஷையும் இருக்கும் என்று நினைத்திருந்த எனக்கு, உள்ளே நுழைந்ததும் அடித்தது பூசணிக்காய் வாசனை. அன்று அவர்களுக்கு ஸ்தோத்திரப் பண்டிகையாம். விளைந்ததில் ஒரு பங்கை ஆண்டவருக்குக் கொண்டுவந்து வைக்கிற நாள். முன்னால் வாழைத்தார், பரங்கி, கத்தரிக்காய்க் கூடை, முட்டை, ஒரு படி வரகு, கால் கட்டிய கோழிகள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஒரு கோழி நடுநடுவே கத்தியது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அவர் ஆண்கள் பக்கம் போய்விட்டார். ஒரு பெண் நகர்ந்து எனக்குப் பாயில் இடம் விட்டாள். "ஐயரு வந்துட்டாரு" என்று யாரோ சொன்னார்கள். நான் குடுமியும் பூணூலும் வருமென்று திரும்பிப் பார்த்தேன். வந்தவர் நல்ல கறுப்பு, பெரிய மீசை, நீண்ட வெள்ளை அங்கி, அங்கியில் முழங்கால் வரை சேறு. அவர்கள் பாதிரியாரைத்தான் ஐயர் என்பார்களாம்.

அதைவிட அதிர்ச்சி உட்கார்ந்திருந்த விதம். எனக்கு இடப்பக்கம் கரை போட்ட பட்டுச் சேலையில் ஒரு வாத்தியாரம்மா. வலப்பக்கம், எங்கள் ஊராக இருந்தால் எங்கள் தெருவுக்குள்ளேயே வர முடியாத ஒருத்தி. பேச்சும் சேலைக் கட்டும் சொல்லிவிட்டன. இரண்டு பேருக்கும் நடுவே என் முழங்கால்கள். அவர்களிடம் ஒரு கூச்சமும் இல்லை. நான்தான் என்னை அறியாமல் சேலையை ஒடுக்கிக்கொண்டேன். அந்த வலப்பக்கத்துப் பெண் அதைக் கவனித்தாள். கவனித்துவிட்டு, தன் தலைத்துண்டைக் கழற்றி, "தல ஈரமா இருக்கே, தொவட்டிக்க தாயி" என்று நீட்டினாள். வாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் வாங்கிவிட்டேன்.

பாட்டு தொடங்கியது. ஒருவர் பிடில் வாசித்தார். ஒரு பையன் ஜால்ரா போட்டான். நம் ராகம், நம் தாளம், நம் தமிழ். கண்ணை மூடிக்கொண்டால் பஜனை மடம்தான். மனசு கொஞ்சம் இளகியது. சரி, இவரும் இதை ரசிக்கிறாரா என்று ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

அவர் பாடிக்கொண்டிருந்தார்.

மரியாதைக்கு வாயசைக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எல்லோர் கையிலும் பாட்டுப் புத்தகம் இருந்தது. அவர் கையில் இல்லை. ஒரு சரணம் முடிந்து அடுத்த சரணம் தொடங்குமுன்பே அவர் வாய் திறந்துவிடும். தொடையில் விரல் தாளம் போட்டது. மேலே போகும் இடத்தில் மற்றவர்கள் திணறியபோது அவர் குரல் மட்டும் தனியாக, சுத்தமாக எழும்பியது. எங்கள் வீட்டில் ஒரு வரி முணுமுணுத்துக்கூட நான் கேட்காத குரல் அது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் திரும்பி அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார், 'அப்படிப் போடு' என்பது போல.

தலை துவட்டுவதை விட்டுவிட்டு அவரையே பார்த்தேன்.

பாட்டு முடிந்து ஐயர் ஏதோ சொன்னார். எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். எல்லோருக்கும் முந்தி முழங்காலிட்டவர் என் வீட்டுக்காரர். ஐயர் ஒரு வரி சொல்ல, கூட்டம் ஒரு வரி சொன்னது. அவருக்கு அந்த வரிகளெல்லாம் தெரிந்திருந்தன. எங்கே குரலைத் தாழ்த்துவது, எங்கே 'ஆமென்' சொல்வது எல்லாம். கோயில் முழுக்க முழங்காலில் நிற்க, நான் மட்டும் எழுந்து நின்றுகொண்டிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. தலைத்துண்டு கொடுத்த பெண் என் முந்தானையை மெல்ல இழுத்தாள். "உக்காரு தாயி, ஒண்ணுமில்ல."

உட்கார்ந்தேன். என் கை தாலியைப் பிடித்துக்கொண்டிருந்தது. இதைக் கட்டியது யார்? வீட்டில் திருநீறு பூசிக்கொண்டு ஆபீசுக்குப் போகிற மனுஷன் யார்? அப்பா ஜாதகம் பார்த்தாரே, அது யாருடைய ஜாதகம்? பாயின் கோரையையே பார்த்துக்கொண்டு இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐயர் பிரசங்கம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மழை ஓட்டின் மேல் சரமாரியாக விழுந்து அவர் குரலை முழுங்கிவிட்டது. அவர் இரண்டு தடவை உரக்கக் கத்திப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு மேலே பார்த்துச் சிரித்தார். கூட்டமே சிரித்தது. அத்தனை பேரும் மானாவாரிக்காரர்கள். காய்ந்து கிடந்த வருஷங்களைப் பார்த்தவர்கள். ஒழுகிய இடங்களில் பாயை நகர்த்திக்கொண்டு, சும்மா உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். வேறொரு நாளாக இருந்தால் எனக்கு அதைவிடப் பிடித்த பூஜை இருந்திருக்க முடியாது. அன்றைக்கு என் காதில் அது கல் விழுவது போல விழுந்தது.

ஆராதனை முடிந்ததும் ஆண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"வாடா தம்பி! எம்புட்டு நாளாச்சு!"

"கலியாணம் முடிச்சதக்கூடச் சொல்லலையேடா."

அவரை அவர்கள் வேறு ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என் கல்யாணப் பத்திரிகையில் இல்லாத பெயர். அவரும் அதற்குத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். வெள்ளைச் சேலை. நல்ல உயரம். ஒரு காலத்தில் கனமான தண்டட்டி போட்டு வளர்த்த காது, இப்போது நகை இல்லாமல் தோளைத் தொடுவது போலத் தொங்கியது. எனக்கு எதிரே வந்து நின்றாள். தொடவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து என்னைப் பார்த்தாள். கணக்கு ஒத்து வராதபோது என் வீட்டுக்காரர் தலையைச் சாய்ப்பாரே, அதே சாய்ப்பு.

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"எங்கம்மா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "யாரோட அம்மா?"

"எனக்குத்தான். எங்கம்மா."

முந்தின மாதம் புரட்டாசி அமாவாசைக்கு விளாங்குடியில் நான்தான் சமைத்தேன். புது மருமகள் கையால் ஆகட்டும் என்று அவருடைய பெரியம்மா, என் பெரிய அத்தை, சொன்னாள். செத்துப்போன மாமனாருக்கு ஓர் இலை, செத்துப்போன மாமியாருக்கு ஓர் இலை. மாமியாருக்குப் பிடிக்கும் என்று பூசணிக்காய்க் கூட்டுகூட வைத்தேன். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு அவரும் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். கூட்டு நன்றாக இருக்கிறது என்றார்.

அந்த அம்மாவைப் பார்த்து என் வாயில் வந்தது ஒன்றுதான். "நான் உங்களுக்கு எலை போட்டனே!"

கையிலிருந்த தலைத்துண்டைப் போட்டுவிட்டு வெளியே இறங்கி நடந்தேன். எந்தப் பக்கம் என்று தெரியாது. மதுரை எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. அழுகை வரவில்லை. கோபமும் இல்லை. தூக்கத்திலிருந்து எழுப்பி வேறு ஊரில் விட்டுவிட்டது போல இருந்தது. பாதை ஓர் ஓடையில் போய் முடிந்தது. காலையில் ஜட்கா கடந்து வந்த ஓடையாகத்தான் இருக்க வேண்டும். இப்போது அதில் ஒரு பனைமரம் மிதந்து போனது.

பின்னால் சேறு மிதிபடும் சத்தம் கேட்டது. அவர்தான் வருகிறார் என்று திரும்பாமல் நின்றேன். ஓலைக்குடை ஒன்று என் தலைக்கு மேல் வந்தது. அந்த அம்மா. தூரத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். "நீ அங்கனயே நில்லுடா!" என்று அந்த அம்மா அவரைப் பார்த்துக் கத்தினாள்.

பிறகு என்னிடம், "தண்ணி வடிய சாயங்காலமாகும் தாயி. அதுவரைக்கும் இங்கயே நிக்கப் போறியா?" என்றாள்.

"அவுக உங்களச் செத்துப்போனதாச் சொன்னாக."

"ஆமா. எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"நான் ஒத்துக்கிட்டதுதான அது."

அந்த ஓடைக்கரையில் ஒரே குடைக்குள் நின்றுகொண்டு அவள் சொன்னதைக் கேட்டேன். ஊரில் வாந்திபேதி வந்த வருஷம் அவளுடைய புருஷன் போய்விட்டார். அவளுக்கும் கண்டது. கைப்பிள்ளையோடு அவளை மாட்டுக் கொட்டகையில் போட்டுவிட்டார்கள். வேதக்கார ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா மாட்டு வண்டி கொண்டுவந்து தூக்கிப் போனார். பிழைத்துத் திரும்பியபோது வீட்டில் சேர்க்கவில்லை. அங்கே தண்ணீர் குடித்தவள், கஞ்சி குடித்தவள் என்றார்கள். ஆஸ்பத்திரியிலேயே ஆயா வேலைக்கு நின்றாள். அவர்கள் வேதத்தில் சேர்ந்தாள். பிள்ளை அங்கே படித்தான். இந்தக் கோயிலில் பாடினான்.

"பெரியவருக்குப் பிள்ளை தங்கல. இவன் வளந்து நிக்கிறப்ப வந்தாரு. சொத்து இருக்கு, உங்கிட்ட இருந்தா என்ன ஆவான்னாரு. நான் அனுப்பிட்டேன்."

"நீங்களா அனுப்புனீக?"

"பொய் சொல்லக் கூடாது. நானாத்தான் அனுப்புனேன். ஆனா அவுகளுக்குச் செத்தவ பிள்ளைதான் வேணும். வேதத்துல சேந்தவ பிள்ளை வேணாம். அதனால என்னையச் சாகச் சொன்னாக. சரின்னேன். அவனுக்கு மொட்டை போட்டு, ஆத்தங்கரையில உக்காரவச்சு, எனக்குக் கருமாதி முடிச்சாக. பெறகு ஒரு நாளு ஓடியாந்தான். மொட்டைத் தலை. பாத்ததும் புரிஞ்சுபோச்சு. என்னடா, நல்லபடியா அனுப்பிவச்சியான்னு கேட்டேன்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. அவள் அப்போதும் என்னைத் தொடவில்லை. குடையை மட்டும் என் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். அவளுடைய ஒரு தோள் முழுக்க நனைந்துகொண்டிருந்தது.

அவள் வீடு கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறை. நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். மாற்றிக்கொள்ள ஒரு வெள்ளைச் சேலை எடுத்தாள். எடுத்ததும் என் கழுத்தில் கிடந்த புது மஞ்சள் கயிற்றைப் பார்த்து அவளே அதைத் திரும்ப வைத்தாள். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஓர் அரக்குச் சேலையை உருவினாள். மடித்த இடமெல்லாம் இற்றுப்போயிருந்தது. அவளுடைய கல்யாணச் சேலை. "எதுக்கு வச்சிருக்கேன்னு எனக்கே தெரியல. கட்டிக்க. கிழிஞ்சாக் கிழியட்டும்" என்றாள். கட்டும்போதே இரண்டு இடத்தில் கிழிந்தது.

அவரை உள்ளே விட நான் சம்மதிக்கவில்லை. வெளியே கூரை இறவாரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். நான் நிலைப்படியில் நின்று கேட்டேன்.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா உங்கப்பா பொண்ணு குடுத்திருப்பாரா?"

"குடுத்திருக்க மாட்டாரு."

"அதான்."

"கலியாணத்துக்குப் பெறகு?"

"தெனமும் சாயங்காலம் வீட்டுக்கு வாரப்ப இன்னைக்குச் சொல்லணும்னு நெனைப்பேன். வீட்டுக்குள்ள வந்தா நீ சிரிச்சுக்கிட்டு நிப்ப" என்றார்.

அது எனக்குச் சமாதானமாக இல்லை. இன்றைக்கும் இல்லை. ஆனால் அவர் சொன்னது உண்மைதான் என்று மட்டும் தெரிந்தது.

அந்த அம்மா சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டு வைத்தாள். எங்கள் வீட்டில் யாரும் இந்த மாதிரி வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். "கட்டாயமில்ல தாயி, பழம் இருக்கு" என்றாள். பசி குடலைத் தின்றது. குழம்பு வாசனை வேறு. கடைசியில் சாப்பிட்டேன், இரண்டாவது தடவை கேட்டு வாங்கியும் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது "அத்தை, சொம்பு எங்க?" என்று கேட்டுவிட்டேன். அவள் சொம்பை எடுத்து என் கையில் தண்ணீர் ஊற்றினாள்.

மதுரைக்குத் திரும்பிய பிறகு ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அப்பாவுக்குச் சொல்லி அனுப்பி ஊருக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். போகவில்லை. என்ன சொல்லிக்கொண்டு போவது? புருஷன் குடிக்கிறான் என்றால் போகலாம். அடிக்கிறான் என்றால் போகலாம். மாமியார் உயிரோடு இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு எந்தப் பெண் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள்?

தை அமாவாசைக்கு விளாங்குடிக்குப் போனோம். பெரிய அத்தை எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். "போன தடவ மாதிரியே ரெண்டு எலைக்கும் நீயே பரிமாறு தாயி" என்றாள்.

யோசித்து வைத்துச் சொன்னதல்ல. கரண்டியைக் கையில் வாங்கியவள் கீழே வைத்துவிட்டேன். "மாமாவுக்குப் போடுறேன் அத்தை. உசுரோட இருக்கவுகளுக்கு நான் எலை போட மாட்டேன்."

பெரிய மாமா வெளியிலிருந்து வந்தார். "என்ன சொன்ன?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "எவ சொன்னா இவளுக்கு?"

இவர் வழக்கம் போல வாயை மூடிக்கொள்வார் என்று நினைத்தேன். "நான்தான் கூட்டிட்டுப் போய்க் காட்டுனேன். எங்கம்மா உசுரோட இருக்கு பெரியப்பா. உங்களுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இனிமே என்னால முடியாது" என்றார். நிறுத்தாமல் சொல்லிவிட்டார்.

பெரிய மாமா கத்தவில்லை. "அப்பன்னா அவ பிள்ளையாவே இருந்துக்க. இந்த வீட்டுப் பிள்ளையா இருக்காத" என்றார். மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

தோட்டத்துப் படல் வரைக்கும் வந்துவிட்டோம். பின்னால் பெரிய அத்தை மூச்சு வாங்க ஓடிவந்தாள். திட்ட வருகிறாள் என்று நினைத்தேன். வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து, காதோடு கேட்டாள்.

"நல்லாருக்காளா அவ?"

இத்தனை வருஷமாக இலை போட்டுக்கொண்டிருந்தவள். தலையை மட்டும் ஆட்டினேன். அவள் அதே வேகத்தில் திரும்பிப் போய்விட்டாள்.

விளாங்குடியோடு அத்துடன் போக்குவரத்து நின்றது. விஷயம் எப்படியோ எங்கள் ஊருக்கும் எட்டியது. அப்பா ஒரு நாள் வந்தார். உட்காரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, என் முகத்தைப் பார்த்து "உனக்குத் தெரிஞ்சா நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். போய்விட்டார். மூத்தவளை நான் உண்டாகியிருந்தபோது பிரசவத்துக்குக் கூட்டிப் போக யாரும் வரவில்லை. என் மாமியார்தான் சந்துக்குள் வந்து இறங்கினாள், கையில் ஒரு கோழியோடு. வேதக்காரியை உள்ளே விடக் கூடாது என்று வீட்டுக்காரம்மா சத்தம் போட, அந்த வாரமே பசுமலைப் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போனோம்.

பிள்ளை பிறந்த சேதி கேட்டு அப்பா வந்தபோது வாசலில் அவள்தான் துணி அலசிக்கொண்டிருந்தாள். அப்பா தூரத்திலேயே நின்றார். என்ன பேசுவது என்று தெரியாமல், "உங்க பெறந்த ஊரு எது?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அது எங்கள் ஊருக்கு அடுத்த கண்மாய்ப் பாசனம்.

"அங்க இந்த வருஷம் மழை எப்பிடி?" என்றார் அப்பா.

"இருவது வருஷமா நான் அங்கிட்டுப் போகல அண்ணே. நீங்கதான் சொல்லணும்."

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து வாசல் கல்லைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். கண்மாய் நிறைந்ததையும், மடை உடைந்ததையும், எந்தெந்தக் காட்டில் என்ன விதைத்திருக்கிறார்கள் என்பதையும் அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தார். உள்ளே பிள்ளையோடு படுத்துக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.